கூட வந்த ஆள்

கலியாணம் முடித்து ஏழாவது மாதம் இவருக்குக் கொழும்பில் மூன்று நாள் ட்ரெயினிங் வந்தது. புதன், வியாழன், வெள்ளி. தங்குகிற அறையையும் கொம்பனியே எடுத்துக் கொடுக்கிறது.

"நீரும் வாருமன். அறை எப்பிடியும் ஒண்டுதானே" என்றார்.

எனக்கு அந்தக் கிழமை விரிவுரை இல்லை. சரி என்றேன்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள் தொடங்கின. "அவர் வேலைக்குப் போறார், நீ ஏன் போறாய்?" இது அம்மா. "பிள்ளை அங்க போய் மூண்டு நாளும் என்ன செய்யிறது?" இது மாமி. கம்பஸ் சிநேகிதி "ஹனிமூனோடி?" என்று கேட்டுச் சிரித்தாள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன். அம்மாவுக்கு, ஆய்வுக் கட்டுரைக்காக நூதனசாலையில் ஒரு விஷயம் பார்க்க வேணும். மாமிக்கு, புறக்கோட்டையில் துணி மலிவாம். சிநேகிதிக்கு, ஓமோம்.

மூன்றும் பொய். "சும்மா போறன்" என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த இருபத்துமூன்று வயதுக்குள் நான் சும்மா எங்கேயும் போனதில்லை. ரியூசனுக்குப் போயிருக்கிறேன், கோயிலுக்கு, கம்பஸுக்கு, செத்தவீட்டுக்குப் போயிருக்கிறேன். போவதற்கு ஒரு காரணமும், கூட வர ஒரு ஆளும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இந்த முறை நான்தான் கூடப் போகிற ஆள். காரணம் இவரிடம் இருந்தது.

இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்ட பஸ் விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. ஓட்டோ பிடித்துக் கொள்ளுப்பிட்டி ஹோட்டலுக்குப் போனால், அறை பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். இவர் அங்கேயே முகம் கழுவி, சேர்ட் மாற்றி, எட்டு மணிக்கு ட்ரெயினிங்குக்கு ஓடிவிட்டார். நானும் இரண்டு பைகளும் வரவேற்பறையில் இருந்தோம்.

இரண்டு மணிக்கு எழும்பிப் போய்க் கேட்டேன். அறை இவருடைய பெயரில் இருந்தது. என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர், எங்கள் வீட்டு முகவரி. அங்கே நின்றவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வித் ஹஸ்பண்ட்" என்றேன். அந்த ஹஸ்பண்ட் எங்கே என்று மரியாதையாகத்தான் கேட்டார். போன் எடுத்தேன், நிறுத்தி வைத்திருந்தார். மூன்றரை மணிக்குத் தேத்தண்ணி இடைவேளையில் இவர் எடுத்துக் கதைத்த பிறகுதான் திறப்பு கைக்கு வந்தது. கையெழுத்துப் போடத் தந்த படிவத்தில் இவருடைய பெயருக்குக் கீழே, கூடத் தங்குபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

அன்றைக்கு முழுக்க நான் சாப்பிட்டது பஸ்ஸுக்குள் வைத்திருந்த ஒரு மலிபன் பிஸ்கட் பக்கற். எதிரே வீதியைக் கடந்தால் மூன்று சாப்பாட்டுக் கடை. காசும் இருந்தது. ஆனால் போகவில்லை. பைகளை விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறை கிடைத்து, பைகளை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகும் போகவில்லை என்பதுதான் உண்மை. என்ன சிங்களத்தில் கேட்பது? தனிய ஒரு மேசையில் எப்படி இருந்து சாப்பிடுவது? ஆராவது பார்த்தால்? அங்கே என்னைப் பார்க்க ஆர் இருக்கினம்? ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தலைக்குள் அந்த "ஆராவது" எப்போதும் ஒரு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இரவு இவர் கொத்து வாங்கி வந்தார். "பகல் என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டார். பொய் சொன்னேன். அது நான்காவது பொய்.

வியாழக்கிழமை காலை முதல் பொய்யை உண்மையாக்குவது என்று முடிவெடுத்தேன். நூதனசாலைக்குப் போக வேணும். போன் வரைபடம் அரை மணித்தியால நடை என்று காட்டியது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையால் நடந்தேன். நடைபாதை ஓரத்தில் ஓவியங்களை வரிசையாகச் சாய்த்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் என்னை "எங்க போறீர்?" என்று கேட்கவில்லை. முதல் பத்து நிமிடம் அது பயமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கிப் பின்னிய தலைமுடியை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரங்கள். வாசலில் நின்ற காவலாளி ரிக்கற்றைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தனியமத?" என்று கேட்டார்.

பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தில் எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் இந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் "தனிய"தான் அங்கே "தனியம" என்று நின்றது.

"ஒவ், தனியம" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே கையைக் காட்டினார். அவ்வளவுதான். முதல்நாள் முழுக்க நான் பயந்து ஒளிந்த கேள்வி, ஒரு சொல்லில் கேட்டு, இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

உள்ளே கல்வெட்டுகளுக்குள் நான் தேடிப் போனது காலி மும்மொழிக் கல்வெட்டு. வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். சீனக் கடலோடி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்த கல். பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் கொடுத்த காணிக்கைகள். 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். விரிவுரையில் திரையில் பார்த்தபோது கறுப்பாக ஒரு கல், அவ்வளவுதான். நேரில் எழுத்துகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. குனிந்து, பக்கவாட்டாகப் பார்த்து, ஒன்றிரண்டு எழுத்தைப் பிடித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல அங்கே ஆளில்லை. சொல்ல ஆளில்லாத சந்தோசமும் சந்தோசம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே ஆலமரத்தடியில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். கல்லை அனுப்பியது பேரரசர். கப்பல்களுக்குத் தலைவர் செங் ஹே. ஆனால் இலங்கை உட்பட அந்தப் பயணங்களில் கண்ட ஊர்கள் எப்படி இருந்தன, சனங்கள் என்ன உடுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம் எழுதிவைத்த ஒருவர் மா ஹுவான். பிந்திய பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனவர். போன காரியத்தைச் சுமக்கிறவருக்குச் சுற்றிப் பார்க்க நேரம் குறைவு. கூடப் போகிற ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சும்போல.

அன்று பின்னேரம் இவரும் நானும் காலிமுகத்திடலுக்குப் போனோம். இவர் களைத்திருந்தார். நாள் முழுக்க ஏசி அறைக்குள் எக்செல் பார்த்த கண். இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் கதைத்தேன், நிற்காமல். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்வதாக அதில் இருக்கிறது. அவர் நினைத்த பெண்களில் நான் இருந்திருக்க மாட்டேன். இருந்தாலும் கல்லைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் பத்துத் தரத்துக்கு மேல கொழும்புக்கு வந்திட்டன். நூதனசாலை எந்தப் பக்கம் எண்டே தெரியாது" என்றார் இவர். அதைக் கொஞ்சம் கவலையாகச் சொன்னமாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அறையைத் திருப்பிக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டதும் நான். பைகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு, 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். இதற்கு ஒரு காரணமும் நான் தயாரித்து வைத்திருக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒன்று இருந்திருக்கிறது.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. அதற்கடுத்த வருடத் தொடக்கத்தில், மாமா வெளிநாடு போகிற அலுவலாக, அம்மா அவரோடு திருகோணமலைக்குக் கப்பலில் போய், அங்கிருந்து கொழும்புக்கு வந்தவ. அம்மாவும் கூட வந்த ஆள்தான். என்னை அம்மம்மாவுடன் விட்டுவிட்டு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒரு மாதம் இருந்தவ. பொலிஸ் பதிவு, பதிவுத் துண்டு, இரவில் கதவு தட்டல். மாமா அலுவலுக்கு வெளியே போனால் அம்மா அறைக்குள். அவ ஊருக்குத் திரும்பிச் சில மாதத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அம்மா அந்தப் பஸ்ஸில் இல்லை. ஆனால் கொழும்பு என்றால் இன்றைக்கும் அவவுக்கு அந்த அறைதான். புதன்கிழமை முழுக்க நான் பிஸ்கட்டோடு இருந்தது யாருடைய பயத்தில் என்று எனக்கு அப்போது விளங்கியது.

சந்தைக்குக் கிட்ட இறங்கி, ஒரு சைவக் கடையில் தனி மேசையில் இருந்து தோசை சாப்பிட்டேன். பிறகு கடல் பக்கமாக ஒரு குறுக்கு வீதியால் இறங்கினேன். சில நிமிட நடை. மரைன் ட்ரைவ், அதற்கு அங்கால் ரெயில் பாதை, அதற்கு அங்கால் கடல். வீடியோ கோலில் அம்மாவைக் கூப்பிட்டுப் போனைத் திருப்பிப் பிடித்தேன்.

"அது எங்க?"

"வெள்ளவத்தை அம்மா."

"விசர்க்கதை. வெள்ளவத்தையில எங்க கடல்?"

நான் போனைத் திருப்பி வந்த வீதியைக் காட்டினேன். வீதி முடிவில் காலி வீதி பஸ்கள் தெரிந்தன. பிறகு திரும்பக் கடலைக் காட்டினேன். ஒரு ரெயில் போனது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவ்வளவு கிட்டவோ இருந்தது?" என்றா. "ஒரு மாசம் இருந்தனான் பிள்ளை. ரெயின் சத்தம் மட்டும் கேக்கும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு, "சரி சரி, வெயிலுக்க நிக்காத" என்று வைத்துவிட்டா. ஆரோட நிக்கிறாய் என்று கேட்கவில்லை. மறந்தாவோ, வேண்டுமென்று விட்டாவோ தெரியாது.

இரவு பஸ்ஸில் இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமைப் பொய் உட்பட. "அடுத்த முறை அறையை ரெண்டு பேர் பேரிலயும் போடச் சொல்லுறன்" என்றார். பிறகு என் தோளில் நித்திரையாகிவிட்டார்.

மாமிக்குத் துணி வாங்க மறந்துபோனேன். "அப்ப மூண்டு நாளும் என்ன செய்தனீர்?" என்று கேட்டா. "சும்மா சுத்திப் பார்த்தனான் மாமி" என்றேன். வாய் வந்தது.

இப்போது இன்னொரு விஷயம். வருகிற பங்குனியில் பேராதனையில் மாணவர் கருத்தரங்கு ஒன்று. என் கட்டுரையும் தெரிவாகியிருக்கிறது. இரண்டு நாள், தங்குமிடம் அவர்களே தருகிறார்கள். போன கிழமை இவரிடம், "நீங்களும் வாங்கோவன்" என்றேன்.

"நான் அங்க வந்து என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

கேட்டு முடித்த கையோடு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. லீவுக்கு இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. பார்ப்போம்.