கேரியில் அந்தக் கடைசி நிமிடங்கள்

வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்ததில், நாங்கள் உள்ளே போகும்போது வீராங்கனைகள் உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பர் 9, திங்கள்கிழமை இரவு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி என்கிற ஊர். வேக்மெட் கால்பந்து அரங்கம். கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டி. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் வேக் ஃபாரஸ்டும் மோதுகின்றன. இரண்டும் இதே மாநிலத்துக் கல்லூரிகள். ஒரு பக்கம் வட கரோலினாவின் வெளிர்நீலச் சட்டைகள் அணியின் பட்டப்பெயரைப் பிரித்து "டார்!" என்று கத்த, எதிர்ப் பக்கத்திலிருந்து "ஹீல்ஸ்!" என்று பதில் வருகிறது. வேக் ஃபாரஸ்டின் கறுப்பும் பொன்னிறமும் அணிந்தவர்களும் சளைக்கவில்லை. அவர்களுக்கு இது முதல் இறுதிப் போட்டி.

கேரி வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நான் தங்கியிருந்த நண்பர் வீட்டுப் பெண் பள்ளியில் படிக்கிறாள். உள்ளூர் கிளப் அணியில் ஆடுகிறாள். அன்று எனக்கு அவள்தான் வாத்தியார். ஸ்கோர்போர்டில் கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் விழித்தேன்.

"ஏன் அங்கிள், இந்தியாவுல மேல ஏறுமா?"

கோல் விழுந்தால் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். நடுவர் தன் விருப்பத்துக்குக் கூட்டித் தரும் நிமிடங்கள் இங்கே கிடையாது. மாற்று ஆட்டக்காரர்களுக்கும் எண்ணிக்கை வரம்பில்லை. முதல் பாதியில் வெளியே போனவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பலாம். அதனால் பெஞ்சில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. எல்லைக்கோட்டருகே ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் காத்து நிற்பதைப் பார்த்தேன். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடுகிற சீசன். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் சர்வசாதாரணம். கால்கள் தாங்க வேண்டுமே.

இந்தச் சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது வட கரோலினாவின் பயிற்சியாளர் ஆன்சன் டாரன்ஸ் ஓய்வு பெற்றார். 1979-ல் இந்தப் பெண்கள் அணியைத் தொடங்கியவரே அவர்தான். புகழ்பெற்ற மியா ஹாமும் கிறிஸ்டின் லில்லியும் அவரிடம் ஆடியவர்கள். போன சீசன்வரை ஆடிய ஆலி சென்ட்னர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். உதவிப் பயிற்சியாளராக இருந்த டேமன் நாஹஸிடம் தற்காலிகமாகப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த அணிதான் அரையிறுதியில் பக்கத்து ஊர் டியூக்கை 3-0 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே நிற்கிறது.

முதல் பாதி கோலில்லாமல் போனது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இழுவைதான். இரண்டாம் பாதியில் வட கரோலினாவின் ஒலிவியா தாமஸ் ஒரு கார்னர் கிக் அடித்தார். பந்து உயர்ந்து, வளைந்து, கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் நேரே வலைக்குள். ஒரு நொடி யாராலும் நம்ப முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறுமி நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

அதன் பிறகுதான் கடிகாரத்தின் கொடுமை புரிந்தது. 2022 இறுதிப் போட்டியும் இதே அரங்கில்தான். யு.சி.எல்.ஏ.வுக்கு எதிராக 2-0 என்று முன்னணியில் இருந்த வட கரோலினா, ஆட்டம் முடிய 16 நொடிகள் இருக்கும்போது சமன் கோலை வாங்கி, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் கடைசிப் பத்து நிமிடமும் மைதானத்தைப் பார்க்கவேயில்லை. ஸ்கோர்போர்டை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்து நொடிகளை ஒலிபெருக்கி ஒவ்வொன்றாக எண்ணியது. 1-0.

திரும்பும் வழியில் நண்பர், "பழைய ராஜ்ஜியம் திரும்பி வந்துடுச்சு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இது வட கரோலினாவின் 22-வது என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டம், அதற்கு முந்தையது 2012-ல் வந்தது. 1982-லிருந்து 2000 வரையிலான 19 ஆண்டுகளில் மட்டும் 16 பட்டங்கள். ஆனால் 1982-ல் நடந்த முதல் போட்டித் தொடரில் கலந்துகொண்டவை 12 அணிகள்தான். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் மெல்ல மெல்ல வேலை செய்தது. வேறொரு விளையாட்டான அமெரிக்கக் கால்பந்து ஆண்களின் உதவித்தொகையில் பெரும்பங்கை விழுங்க, அதை ஈடுகட்டப் பல்கலைக்கழகங்கள் பெண்கள் கால்பந்துக்குப் பணம் ஒதுக்கின. 2024-ல்கூட ஓர் அணிக்கு அனுமதித்த முழு உதவித்தொகை பெண்களுக்கு 14, ஆண்களுக்கு 9.9. இன்று 64 அணிகள் நாக் அவுட்டில் மோதுகின்றன. அன்றைய ஐந்து பட்டங்களைவிட இந்த ஒன்றுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "அங்கிள், மியா ஹாம் ஆடினதை நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்போ எப்படி கம்பேர் பண்றீங்க?"

நண்பர் சத்தமாகச் சிரித்தார்.