அறிவிப்பாளர் யார்?

முப்பது ஆண்டுகளாக நாம் மத்ரஸாவில் ஹதீஸ் கலையை ஓதிக் கொடுத்து வருகிறோம். ஒரு செய்தி காதில் விழுந்ததும், "இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?" என வினவும்படி மாணவர்களைப் பழக்குவதே நம் பணி. அத்தகைய நாமே சென்ற ஆண்டு ஒரு பெரும் பிழை செய்தோம்.

நம் லாத்தாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் உண்டு. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பர் மருத்துவர். இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காது நடுங்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறையும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோயினர்க்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. அதைத் தடுக்கவே லாத்தா 'வார்ஃபரின்' மாத்திரை உண்டு வந்தார்.

ஒரு நாள் நம் கைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. நரைத்த தாடி, கனிந்த முகம், ஸலாமுடன் தொடக்கம். இரண்டு நிமிடம் பார்த்தோம். இதய நலம் பற்றியது என்றறிந்து, எஞ்சியதைப் பாராமலே லாத்தாவுக்கு அனுப்பி வைத்தோம். அம்மாத்திரை எலி விஷமென்றும், அதை விட்டுவிட்டுப் பூண்டும் கீரையும் நிறைய உண்ண வேண்டுமென்றும் அவர் பின்னால் கூறியதை நாம் அறியோம்.

பத்தாம் நாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் லாத்தாவின் நா குழறியது, வலக்கை தளர்ந்தது. அரை மணியில் சரியாயிற்று, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அது ஓர் எச்சரிக்கை. 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டிய ஐ.என்.ஆர். அளவு 1.1க்கு இறங்கியிருந்தது. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம்.

"நீ அனுப்புனதுதானே தம்பி! நீ பார்க்காமலா அனுப்பியிருப்பே?"

அவர் காணொளிக்காரரை நம்பவில்லை, நம்மை நம்பியிருக்கிறார். அத்தொடரில் பலவீனமான அறிவிப்பாளர் நாமே!

அக்காணொளி முழுப்பொய்யும் அன்று. அதுவே அதன் கேடு. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்ததே வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதர்க்கான மருந்தாக ஏற்கப்பட்டது. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவு. அந்த அளவைக் காக்கவே இரத்தப் பரிசோதனை. கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். ஆதலால் கீரையைத் திடீரெனக் கூட்டாமல், என்றும் ஒரே அளவில் உண்ண வேண்டும். உண்மையின் பாதியைச் சொல்லி, மறுபாதியை மறைத்துவிட்டார் அப்பெரியவர்.

"இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்களே" என்பர் சிலர். முதவாத்திர் எனும் தகுதிக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பலர் அறிவித்திருக்க வேண்டும். ஒருவர் வாய்ச்சொல்லை இலட்சம் பேர் பரப்பினாலும் அது ஒருவர் சொல்லே. பக்தி மிகுந்தவரேயாயினும் நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பை நம் இமாம்கள் ஏற்கவில்லை. தாடி தகுதிச் சான்று ஆகாது.

காணொளியின் காலத்தையும் காண்க. முன்னர் இந்நோயில் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. இன்றைய மருத்துவ நெறிகள் அதற்காக அதனைப் பரிந்துரைப்பதில்லை. பழைய காணொளியோ இன்னும் புதியதுபோல் உலவுகிறது. நாஸிக், மன்ஸூக் அறியாதவன் ஃபத்வா கொடுக்கலாமா?

நல்ல காணொளிகளும் உள. பேசுபவர் தம் பெயரும் தகுதியும் சொல்வார். மருந்தின் நன்மையோடு இரத்தக் கசிவு எனும் தீமையையும் சொல்வார். முடிவில் எதையும் விற்கமாட்டார். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தச் சொல்லமாட்டார்.

வந்த செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. அதனைப் பலமுறை பயான் செய்த நம் விரல், அனுப்பும் வேளையில் அதை மறந்தது. வாசகப் பெருமக்களே, உங்கள் விரலேனும் ஒரு கணம் தயங்கட்டும். அப்பால் அமர்ந்து உங்களை நம்பியிருப்பவர் உங்கள் லாத்தாவாக இருக்கலாம்.