விடுதிப் பக்கம்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

சென்ற ஆண்டு எங்கள் கணினி மன்றத்தில் பள்ளிக்கு இணையப் பக்கங்கள் அமைக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. என் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை! மொத்தம் 22 பக்கங்கள். மேலே பள்ளியின் பெயர், இடப்புறம் பட்டியல், அடியில் விளையாட்டு விழாவின் தேதி. முதல் பக்கத்தில் எழுதியவற்றை மற்ற 21 பக்கங்களிலும் அப்படியே படியெடுத்து ஒட்டினேன். ஒரே மாலையில் முடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

மழையால் விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேதியைத் திருத்தினேன். விடுதிப் பக்கம் மட்டும் விட்டுப்போயிற்று. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தங்கையின் அம்மா, பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் பார்த்த பழைய தேதியை நம்பி, அன்றையக் கூலியை விட்டு முதல் பேருந்தில் வந்துவிட்டார். கையில் தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. "பரவாயில்ல கண்ணு, பிள்ளையைப் பார்த்துட்டேன்ல" என்றார். நான்தான் தலைநிமிர முடியாமல் நின்றேன்.

கணினி கற்பிக்கும் சிஸ்டர் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "தையல் வகுப்பில் கழுத்துப்பட்டியையும் கையையும் தனித்தனியாகத்தானே வெட்டுகிறாய்?" என்று மட்டும் கேட்டார்கள். மேற்பகுதிக்கு ஒரு கோப்பு, பட்டியலுக்கு ஒன்று, அடிப்பகுதிக்கு ஒன்று எனப் பிரிக்கச் சொன்னார்கள். எச்டிஎம்எல் மட்டுமே அறிந்திருந்த நான், 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி மொழியை அப்போதுதான் கற்றேன். அதில் 'இன்க்லூட்' என்ற சொல்லோடு கோப்பின் பெயரை எழுதினால் போதும். யாரேனும் பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் துண்டுகளைச் சேர்த்து ஒரே பக்கமாக அனுப்பிவிடும். பார்ப்பவருக்குத் தையலே தெரியாது! (சர்வர் இல்லாமல் வீட்டுக் கணினியில் கோப்பை நேரே திறந்து, ஒன்றும் ஒட்டாமல் நான் விழித்தது தனிக்கதை.)

தோழியரே, இதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒருநாள் மேற்பகுதிக் கோப்பில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டேன். 22 பக்கங்களும் வெறும் வெள்ளையாகிவிட்டன! ஆயினும் எனக்கு இதுவே மேலாகப் படுகிறது. எல்லாம் கெட்டால் உடனே கண்ணில் படும். ஒன்று மட்டும் கெட்டால் யாரோ ஓர் அம்மா வாசலில் வந்து நின்ற பிறகே தெரியும்.

இவ்வாண்டும் விழாத் தேதி மாறியது. அடிப்பகுதிக் கோப்பில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினேன். விடுதிப் பக்கத்தை முதலில் திறந்து பார்த்தேன். பிறகு விடுதிக்கு ஓடிப்போய், அந்த அம்மாவுக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடச் சொன்னேன்.