பனிப்பெண்ணின் ஊரில் ஓர் ஆரஞ்சுப் பழம்

2019 ஜனவரி முதல் வாரம். வோல்கா நதி உறைந்து கிடந்தது. நதி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வானொலியில் மாலை மழை நிலவரம் சொல்லியே பழகிய எனக்கு, அந்தக் குளிரில் வாயைத் திறப்பதே பெரிய காரியமாக இருந்தது.

மாஸ்கோவுக்கு வடகிழக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கொஸ்த்ரோமாவுக்கு நான் போனது ஒரு மரவீட்டைப் பார்க்க. ஸ்நெகூரச்கா என்னும் பனிப்பெண்ணின் வீடு அது. ரஷ்யாவில் புத்தாண்டுக்குப் பரிசு கொண்டுவரும் தாத்தா தேத் மரோஸ். இவள் அவருடைய பேத்தி. சரி, அப்பா அம்மா? பழைய நாட்டுப்புறக் கதையில், பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் பனியைத் திரட்டி ஒரு பெண்ணைச் செய்கிறார்கள். அவள் உயிர்பெற்று அவர்களுக்கு மகளாகிறாள். கோடையில் தோழிகளோடு நெருப்பைத் தாண்டும்போது உருகிப்போகிறாள். நாடகாசிரியர் அஸ்த்ரோவ்ஸ்கி 1873இல் எழுதிய நாடகத்தில் அவளுக்கு வேறு பெற்றோர். அவருடைய பண்ணை வீடு இந்த வட்டாரத்தில் இருப்பதால் ஊர் அவளை உரிமை கொண்டாடுகிறது.

வாசலில் ஓர் இத்தாலியத் தம்பதியைச் சந்தித்தேன். கூடவே பதினொரு வயதுப் பையன். நான்கு வயதில் இந்த வட்டாரக் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து தத்தெடுத்தார்களாம். ரஷ்ய மொழி அவனுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது.

“ஆரம்பத்தில் ரஷ்ய விழா ஒன்றையும் விடவில்லை” என்றார் அந்த அம்மா. ஜூன் 12 ரஷ்யா தினம் பையனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. குளிர்காலத்தை வழியனுப்பும் மஸ்லெனித்ஸா, சுடச்சுட அப்பம் தின்பதோடு சரி. மே 9 வெற்றி நாள்தான் சங்கடம். அன்று ரஷ்யர்கள் போரில் பங்கெடுத்த தாத்தா, பாட்டியின் படத்தை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். “இவன் யார் படத்தைத் தூக்குவான்?”

நிலைத்தது புத்தாண்டு மட்டும். அதற்குப் படமும் வேண்டாம், பரம்பரையும் வேண்டாம். சோவியத் ஆட்சி கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கிவைத்து, 1935 கடைசியில் புத்தாண்டு மரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. அதன்பிறகு பள்ளி, ஆலை, குழந்தைகள் இல்லம் என்று எல்லா இடத்திலும் அந்த மரம்.

உள்ளே பனிப்பெண் வேடமிட்டவர் மரத்தருகே வந்து கையை உயர்த்தினார். விளக்கு எரியக் குழந்தைகள் கத்த வேண்டும், அதுதான் வழக்கம். “ராஸ், த்வா, த்ரி, யோலச்கா கரீ!” ஒன்று, இரண்டு, மூன்று, மரமே ஒளிர்! கூட்டத்தில் இத்தாலியப் பையனின் குரலும் கேட்டது, ஒரு சொல் பிசகாமல். வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லையாம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வழிகாட்டிப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இங்கே இதை இப்படி வெளிப்படையாகப் பேச மாட்டார்கள்.” ரஷ்யச் சட்டம் தத்தெடுப்பை ரகசியமாகப் பாதுகாக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், நீதிமன்ற அனுமதியுடன் பிறந்த தேதியைக்கூட மூன்று மாதம் வரை மாற்றலாம். பிறந்தநாளே இடம் மாறும் வீடுகள்! அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதோ 2013 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன் போன பிள்ளைகள் பல்லாயிரம். அவர்களில் எத்தனை பேருக்குள் இந்த மூன்று எண்கள் கிடக்கின்றனவோ.

வெளியே வந்ததும் பையன் என் கையில் ஓர் ஆரஞ்சு வைத்தான். சின்னது, தோல் தளர்ந்தது, நம்மூரில் சீனப் பெருநாளுக்குப் பெட்டி பெட்டியாக வருமே, அந்த மெண்டரின். ரஷ்யர்களுக்கும் புத்தாண்டின் மணம் அதுதானாம்.

என் பாட்டி சீனக் குழந்தையாகப் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் பேராக் தோட்டமொன்றில் தமிழ்க் குடும்பத்தின் கைக்கு வந்தவர். தீபாவளி, பொங்கல் எல்லாம் அவர் தலைமையில்தான் நடக்கும். சீனப் பெருநாளன்று மட்டும் சாமி படத்துக்கு முன் இரண்டு ஆரஞ்சு வைப்பார். ஏன் பாட்டி என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்தப் பழத்தை அங்கே தின்ன மனம் வரவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.