சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடு

எங்கள் ஊரான சிலிம் ரிவரில் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "கேம் செய்யக் கத்துக்கிறேன்" என்பேன். "வெளாடுற வேலையா?" என்பார்கள். சண்டை வடிவமைப்பு என்று ஒரு தனி வேலை உண்டு என்று விளக்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

கற்றுத் தருகிற அண்ணன் ஈப்போக்காரர். கோலாலம்பூர் ஸ்டூடியோக்களில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிறார். சனிக்கிழமை ரயிலேறி அவரிடம் போவேன். அவரிடம் பாடப் புத்தகமெல்லாம் கிடையாது. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவார். கதை சொல்லும் படக்காட்சி வந்தால் தாண்டிப் போகச் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்: "இப்ப சொல்லு தம்பி, இவன் யாரு? எதுக்கு அடிக்கிறான்?"

வசனமும் இசையும் போன பிறகு விரல்களில் மிஞ்சுவது எதுவோ, அதுதான் அந்த கேமின் உண்மையான கதை என்பது அவர் கட்சி. இதைப் பழக்க அவர் எடுத்துக்கொண்டது 'காட் ஆஃப் வார்' வரிசை. 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த முதல் கேமிலிருந்தே தொடங்கவைத்தார். கதாநாயகன் கிரேட்டோஸ், தன் கையாலேயே மனைவியையும் மகளையும் கொன்றவன். அவன் கத்திகள் சங்கிலியால் முன்கையோடு பிணைக்கப்பட்டவை. சுழற்றினால் சுற்றி நிற்கும் எல்லோரும் விழுவார்கள். கேமரா எட்டத்தில் நிற்கிறது, நமக்கு யார் முகமும் தெரியாது. கோபக்காரனுக்கு எதிரில் நிற்பவன் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கேமின் கடைசிச் சண்டையில் ஓரிடம் வரும். மனைவியையும் மகளையும் கொல்ல கிரேட்டோஸின் உருவங்களே கூட்டமாகப் பாய்கின்றன. அதுவரை எதிரியைப் பிடித்துக் கிழித்த அதே கைகளால் இங்கே குடும்பத்தைக் கட்டிப்பிடிக்கலாம். கட்டிப்பிடித்தால் நம் உயிர் குறைந்து அவர்கள் உயிர் கூடும். சத்தமே இல்லாமல் விளையாடியும் எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2010இல் வந்த மூன்றாம் கேமில் இதற்கு நேரெதிரான ஒன்று. கடவுள் சியூஸைக் குத்திக் குத்தி, ரத்தம் திரையை மூடிவிடும். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை குத்து விழுந்துகொண்டேயிருக்கும், நிறுத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். எப்போது போதும் என்பதை விளையாடுபவன்தான் முடிவு செய்யவேண்டும். இது பெரிய கலை என்கிறார் அண்ணன். எனக்கு அது கொஞ்சம் மிரட்டலாகத்தான் பட்டது, இன்னும் படுகிறது.

2018 கேமில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. கையில் இருப்பது இறந்துபோன இரண்டாம் மனைவியின் கோடாரி. எறிந்தால் திரும்ப அழைக்க வேண்டும். வந்து கையில் மோதும்போது கன்ட்ரோலர் அதிரும். ஒரு பட்டன் முழுக்க மகனுக்கு. அழுத்தினால் அவன் அம்பு விடுவான், முதுகுப் பக்கம் ஆள் வந்தால் குரல் கொடுப்பான். மகன் நோயில் விழுந்ததும் அந்தப் பட்டனில் அம்பு இல்லை. அவனைக் காப்பாற்றப் போகவேண்டிய ஹெல்ஹைம் என்ற செத்தவர்களின் உலகத்தில் கோடாரியின் பனிச் சக்தி வேலை செய்யாது. வேறு வழியில்லாமல் வீட்டுத் தரைக்கடியில் ஒளித்துவைத்த பழைய கத்திகளை எடுக்கிறான். பழைய ஆட்டத்தை விளையாடியவர்களின் விரல்கள் அந்த வீச்சை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அவன் மறைக்க நினைத்த பாவம் நம் கைக்குப் பழக்கமானது. பதின்மூன்று வருடம் கழித்து இப்படி ஒரு கணக்கைத் தீர்க்க முடிந்திருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இதெல்லாம் ரசிகனின் வேலை. தொழில் என்பது பிரேம் எண்ணுவது. நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் ஏறத்தாழ 17 மில்லிசெகண்டு. ஓர் அடியில் மூன்று பங்கு உண்டு: ஓங்குவது, படுவது, மீள்வது. மீளும் பங்கில் நாலைந்து பிரேம் கூட்டினால் அதே ஆள் களைத்தவனாகிறான். ஓங்கும் பங்கைக் குறைத்தால் அவசரக்காரன், பயந்தவன். அடி பட்ட கணத்தில் இரண்டு பேரையும் சில பிரேம் உறையவைத்தால் ஆயுதத்துக்கு எடை வருகிறது. சாம்பல் நிறப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே அடியை "கிழவன் அடிக்கிற மாதிரி", "தம்பிய அடிக்கிற அண்ணன் மாதிரி" என்று எண்களை மட்டும் மாற்றிச் செய்யச் சொல்வார். உருவத்தில் கைவைக்கக்கூடாது. தோட்டத்தில் சிலம்பம் ஆடியவர் என் தாத்தா. கம்பு கீழே வந்த பிறகு உடம்பு எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பதை வைத்தே ஆளின் வயதைச் சொல்லிவிடுவார். யூனிட்டி மென்பொருளில் நான் நகர்த்துகிற எண்ணும் அதேதான்.

வெளிநாட்டுக் கேமையே பார்த்துக்கொண்டிருந்தால் மலைப்பு வரும் என்று, நடுவில் 2020இல் வெளிவந்த 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' கேமையும் கொடுத்தார். அது கோலாலம்பூர் மெட்ரோனோமிக் ஸ்டூடியோவின் படைப்பு. அந்த ஸ்டூடியோவை நிறுவியவர்களில் ஒருவரான வான் ஹஸ்மர் முன்பு ஜப்பானில் 'ஃபைனல் ஃபேண்டசி 15'இல் வேலை பார்த்தவர். மின்னிசைச் சாம்ராஜ்யம் ஆளும் நகரத்தில் இரண்டு பேர் கொண்ட ராக் குழு கலகம் செய்வதுதான் கதை. எதிரிகள் தாளம் தப்பாமல் தாக்குவார்கள். நாம் தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. யார் ஆள்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்பது அந்த ஒரு விதியிலேயே முடிந்துவிட்டது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது எங்கள் ஊர்ச் சண்டை. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன், ஜப்பானிய டாங்கிகள் ட்ரோலாக் பக்கமிருந்து பெரிய ரோட்டில் இறங்கின. டிசம்பரில் ஜித்ராவிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வந்த 11வது இந்திய டிவிஷன் தூக்கமில்லாமல் நின்றிருந்தது. ரோட்டை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள் அப்படியே கிடந்தன. டாங்கிகள் அவற்றின் வழியாகச் சுற்றிப்போய் காவல் நிலைகளைக் கடந்தன. ரோட்டில் நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களைப் பின்னாலிருந்து பிடித்தன. காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். ஜனவரி 11இல் கோலாலம்பூரும் விழுந்தது.

இந்தக் கதைக்கு வசனம் எழுத எனக்கு ஆசையில்லை. சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினால் மீள்வதற்கு நேரமெடுக்கிறது, அதுவே அவன் தூக்கம். கேமரா தோளுக்குப் பின்னால்தான், ஆனால் முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று குரல் கொடுக்க மகன் இல்லை. ரப்பர் மரங்களை வரிசை தப்பாமல் நட்டேன். நேராக நின்றால் நெடுந்தூரம் தெரியும். ஓரடி நகர்ந்தால் வரிசை மூடி, குறுக்கே வேறு சந்து திறக்கும். இங்கே பால் மரத்துக்குள் நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இப்போது சுற்றிலும் செம்பனை வந்துவிட்டதால், இதை நான் அளந்து பார்க்க ஒரு பழைய தோட்டத் துண்டைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு பாலத்தில்தான். பாலத்துக்கு வெடி வைத்திருந்தார்கள். வாதனபே என்ற ஜப்பானிய அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி வாளால் கம்பியை அறுத்தார். என் ஆட்டத்தில் விளையாடுபவன் கையில் வெடிக்கும் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. "ஒண்ணும் நடக்கலன்னா கேம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சி மூடிட்டுப் போய்டுவான் தம்பி" என்றார் அண்ணன். பட்டனையே எடுத்துவிடு என்றார். நான் மாட்டேன் என்றேன். அப்புறம் ஒன்று தோன்றியது. முதல் நாள் ராத்திரி அந்தக் கம்பியை விளையாடுபவனே போடட்டும். பாலத்தடியில் குனிந்து, சுருளைப் பிரித்து, புதருக்குள் இழுத்து, அவன் கையாலேயே முடிச்சுப் போடட்டும். மறுநாள் பட்டன் வேலை செய்யாதபோது அவன் கண் தானாகக் கம்பி போன வழியே போகும்.

அண்ணன் விளையாடிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், பிறகு கேமராவைக் கம்பிப் பக்கம் திருப்பினார். "இது நிக்குது. ஆனா கம்பி இழுக்குறது ரொம்ப நேரம் போவுது, பாதியா வெட்டு" என்றார். வெட்டிக்கொண்டிருக்கிறேன். முடிச்சுப் போடும் இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.