புனிதப் பயணமும் ஒரு படிவமும்



எருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு ரூ.37,000 மானியம் வழங்குவதை அறிவீர்கள். தருமபுரியிலிருந்து புறப்பட ஆயத்தமாகும் நம் சபையார் சிலர், பயணக் காப்பீட்டுப் படிவங்களோடு என்னிடம் வந்தார்கள். பிரீமியம் எதில் குறைவு என்பதே அவர்கள் கேள்வி. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்ணும் மூத்த சகோதரி ஒருவர், ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என எழுதியிருந்தார்.

“எழுதினால் பணம் கூடுமாமே, ஐயா?”

கூடலாம். மறைத்தது தெரிந்தால், அந்நிய தேசத்து மருத்துவமனையில் படுத்திருக்கையில் நிறுவனம் கைவிரித்துவிடும். உண்மையை எழுதினாலும், பழைய நோய்க்குப் பல பாலிசிகள் உயிராபத்து நேரத்தில் மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள்தான் தருகின்றன. அந்தப் பத்தியை வாசியுங்கள். போரினால் நேரும் இழப்பு விலக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். எருசலேமுக்கு அது முக்கியம். ரோமாபுரியும் சேர்ந்தால், ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மிகுதியாய்ச் செலவானால் திரும்பி வருகையில் தருவதாகச் சொன்னான். அவன் வாக்குக்கு உச்சவரம்பு இல்லை. பாலிசிக்கு உண்டு.

புறப்படுமுன் பாலிசி எண்ணையும் அவசர உதவித் தொலைபேசி எண்ணையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.