எங்கட நிலாவுக்குப் பின்னால மலை இல்ல

நான் ஏணியில் நின்று நிலாவுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே நாலு வயதுப் பிள்ளை ஒன்று வந்து நின்று சுவரை அண்ணாந்து பார்த்தது. நிலாவுக்குப் பக்கத்தில் நான் கீறியிருந்த இரண்டு மண்ணிற முக்கோணங்களைக் காட்டிக் கேட்டது.

"இதென்ன டீச்சர், நெல்லுக் குவியலா?"

"இல்ல மனே, அது மலை."

"மலையெண்டா?"

நான் யோசித்தேன். "பெரிய உயரமான மண். அதுக்குப் பின்னால இருந்துதான் நிலா வரும்" என்றேன்.

பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. "நிலா தண்ணிக்குள்ள இருந்துதானே வாற" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது.

அது நடந்தது படுவான்கரையில், மண்டூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முன்பள்ளியில். போன வருசம் செமஸ்டர் லீவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்த முன்பள்ளிச் சுவர்களில் குழந்தைப் பாட்டுகளைப் படமாகக் கீறிக் கொடுக்கப் போயிருந்தோம். பெயின்ட் வாளிகளோடு குருமண்வெளியில் பாதை ஏறி அக்கரைக்குப் போவது. (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் றோட்டு இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) எங்களில் ஒருவரும் சித்திரம் படித்தவர்கள் இல்லை. எல்லாரும் கலைப்பீடம். ஆனாலும் நிலா, மலை, காகம், கிளி கீறுவதற்குப் பட்டமா வேண்டும்?

அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் உறைத்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் நிலா ஒருநாளும் மலைக்குப் பின்னால் இருந்து வந்ததில்லை. எழுவான்கரையில் இருந்து பார்த்தால் அது கடலுக்குள் இருந்து எழும்பும். படுவான்கரையில் இருந்து பார்த்தால் வாவிக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு மேலால் வரும். கரைகளுக்குப் பெயரே எழுவதையும் படுவதையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மலை என்று சொல்ல எங்கட மாவட்டத்தில் குடும்பிமலை இருக்கிறது. அதுவும் மேற்குப் பக்கம், நிலா மறைகிற பக்கம்.

அப்ப நான் ஏன் மலையைக் கீறினேன்? பாட்டில் மலை இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் பார்த்த அத்தனை படத்திலும் மலை இருந்தது. சின்ன வயசில் வாங்கித் தந்த இந்தியப் பாட்டுப் புத்தகத்திலும் இரண்டு முக்கோணம், நடுவில் நிலா. யூடியூப் கார்ட்டூனிலும் அதேதான். இங்கிலீசுப் பாட்டு என்றாலும் ஜாக்கும் ஜில்லும் தண்ணீர் எடுக்க மலை ஏறுகிறார்கள். கிணற்றுக்கு மேலே ஏறிப் போவதா என்று சின்னனில் குழம்பியது ஞாபகம் இருக்கிறது.

அன்றிரவு போனில் பழைய இங்கிலீசுக் குழந்தைப் பாட்டுப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். நூறு வருசத்துக்கு மேற்பட்டவை என்பதால் நிறையப் புத்தகங்கள் இணைய ஆவணகங்களில் முழுதாகவே கிடைக்கின்றன. விடிய ரெண்டு மணி வரை பார்த்தேன்.

முதலில் ஹம்ப்டி டம்ப்டி. முன்பள்ளியில் நாங்கள் எல்லாரும் கத்திப் பாடின பாட்டு. அது யார் என்று கேட்டால் முட்டை என்று உடனே சொல்வீர்கள். பாட்டை ஒருக்கா மனசுக்குள் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். முட்டை என்ற சொல் எங்கேயும் வராது. அது உண்மையில் ஒரு நொடி. விழுந்தால் ஒட்ட முடியாதது எது என்று கேட்கிற விடுகதை. 1871 இல் லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதைக்கு ஜோன் டெனியல் படம் கீறினார். மதிலுக்கு மேல் கை கால் வைத்த முட்டை ஒன்று குந்தியிருக்கும். அந்த உருவம் உலகம் முழுக்கப் போய்விட்டது. இப்ப எந்தப் பிள்ளையும் அந்த நொடியை அவிழ்க்க வேண்டியதில்லை. அட்டையிலேயே விடை இருக்கிறது.

எங்கட ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. வாவியில் பௌர்ணமி இரவில் கேட்கிற சத்தம். எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1848 இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய் அதைக் கேட்டதாக 1859 இல் வெளிவந்த தன்னுடைய இலங்கை பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். மீனவர்கள் அவருக்குச் சொன்னது ஊரி, அதாவது நத்தை வகை. ஆனால் இன்றைக்குப் பாடும் மீன் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பாதி பெண், பாதி மீன், கையில் ஒரு யாழ். காதால் கேட்ட ஒன்றுக்கு யாரோ உருவம் கொடுத்தார்கள். அந்த உருவம் வந்த பிறகு ஊரியை நினைக்க ஆளில்லை.

அடுத்தது கேட் கிரீனவே. 1881 இல் வந்த அவருடைய மதர் கூஸ் புத்தகம் சின்னது, அவ்வளவு அழகு. நீளச் சட்டையும் பொனட் தொப்பியும் போட்ட பிள்ளைகள், பூந்தோட்டம், வேலி. 1881 இல் இங்கிலாந்துப் பிள்ளைகள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு வாசித்தால், அந்த உடுப்பு அவர் கீறும்போதே பழசு. அதுக்குப் பல பத்து வருசத்துக்கு முந்திய பாணி. பிள்ளைகள் நிலக்கரிப் புகைக்குள் வளர்ந்த காலத்தில், புகையில்லாத ஒரு பழைய கிராமத்தை அவர் கீறியிருக்கிறார். படம் பிடித்துப்போய், லண்டனில் லிபேட்டி கடை அதைப் பார்த்தே பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்து விற்றது. இல்லாத ஒன்றைக் கீறினால், ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் வருவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாத படம். ரண்டோல்ஃப் கால்டிகொட், 1882. பசு நிலாவைத் தாண்டிக் குதிக்கும், கோப்பையும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போகும் என்று வருகிற சிரிப்புப் பாட்டு. பாட்டு அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடும். கால்டிகொட் அதுக்குப் பிறகும் ஒரு படம் கீறியிருக்கிறார். அதில் கோப்பை நிலத்தில் உடைந்து கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தாயும் தகப்பனுமாக இருக்க வேண்டும். பாட்டில் ஒரு சொல்கூட இல்லாத துக்கத்தை ஒரு சின்னக் கோட்டோவியம் வைத்திருந்தது.

சரி, எங்கட பாட்டுகளுக்கு ஏன் இப்படிப் பழைய படங்கள் இல்லை? இங்கிலீசில் 1744 அளவிலேயே படம் போட்ட சின்னப் பாட்டுப் புத்தகம் வந்துவிட்டது. எங்களிடம் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு', 'கத்தரி வெருளி' மாதிரி அருமையான பாட்டுகள் இருந்தன. பாடப்புத்தகத்தில் வாசித்திருப்பீர்கள். ஆனால் அதுக்கும் முந்திய பாட்டுகள், எழுதியவர் யாரென்றே தெரியாத பாட்டுகள், வாயிலும் மடியிலும்தான் இருந்தன.

அடுத்த நாள் அம்மம்மாவிடம் கேட்டேன். அவ பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான்.

"அம்மம்மா, உங்கட காலத்தில பாட்டுக்குப் படம் இருந்ததா?"

"படம் என்னத்துக்கு கா? புள்ளயத் தூக்கி மடியில வச்சா அதுதானே படம்."

யோசித்துப் பாருங்கள், அது சரி. கை வீசச் சொல்லும் பாட்டுக்குப் பிள்ளையின் கைதான் படம். சாய்ந்தாடச் சொல்லும் பாட்டுக்கு அதன் முதுகுதான் படம். காகத்திடம் மை கேட்கிற பாட்டுக்கு முற்றத்துக் காகம், நிலாவைக் கூப்பிடும் பாட்டுக்கு வானத்து நிலா. மலையில் இருந்து வரச் சொல்லிப் பாடினாலும், அம்மம்மாவின் விரல் கடல் பக்கம்தான் காட்டியிருக்கும். பாட்டு ஒன்று சொல்லும், விரல் இன்னொன்றைக் காட்டும், பிள்ளைக்கு ஒரு குழப்பமும் வராது. விரலுக்குப் பதிலாகப் புத்தகம் வந்தபோதுதான் எங்கட நிலாவுக்கு மலை வந்தது.

இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ஒன்றும் பேசவில்லை. கடைசியில் நான் கேட்டேன்.

"ஏனம்மா நீங்க எனக்கு அந்த நிலாப் பாட்டப் பாடினதே இல்ல?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டபிறகுதான் விளங்கியது.

எனக்கு ஒரு அக்கா இருந்தா. நான் அவவைக் கண்டதில்லை. எங்கட குடும்பம் அப்போது நாவலடியில், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமான அந்த ஒடுங்கிய மணல் துண்டில். 2004 டிசம்பர் 26 இல் அக்காவுக்கு நாலு வயது. திராய்மடுவுக்கு வந்து வீடு கிடைத்து, அதுக்குப் பிறகு பிறந்தவள் நான். வீட்டில் அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போய்விட்டது.

அம்மா கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே சொன்னா.

"அவளுக்கும் புத்தகம் ஒண்டு வாங்கிக் குடுத்த நாங்க. நிலா, மலை, ஒரு முயல். ராவைக்கு அது இல்லாமப் படுக்க மாட்டாள். நத்தார் அண்டு பின்னேரமும் கடற்கரையில வச்சுப் பாடின. அவள் கூப்பிட்டாள். நிலா வந்த. அடுத்த நாள் போயா."

அதுக்கு மேல் அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

கால்டிகொட்டின் உடைந்த கோப்பை எனக்கு அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

அதுக்குப் பிறகு அந்தச் சுவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மலையை அழித்துவிட்டுத் தண்ணீரைக் கீற வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். தண்ணீருக்குள் இருந்து எழும்பும் நிலா. அம்மாவுக்கு அது என்ன படம்? எங்கட கரையில் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்க்கிற தாய்மார் எத்தனை பேர்? மலை பொய்தான். ஆனால் பொய்யில் ஒரு பாதுகாப்பும் இருந்தது.

கூட வந்த நண்பி ஒருத்தி சிபில் வெத்தசிங்கவின் 'குடை திருடன்' புத்தகத்தைத் தந்தா. 1956 இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. 2020 இல் இறக்கும்வரை கீறிக்கொண்டே இருந்தவர். காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்தவர். ஊரில் குடையையே கண்டிராத ஒருவர் பட்டினத்தில் குடை வாங்கிவருகிறார், ஊருக்கு வந்ததும் அது களவு போகிறது. கள்ளன் ஒரு குரங்கு. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மரமும் சாரமும் தேத்தண்ணிக்கடையும் வேறெந்த நாட்டிலும் இருக்க முடியாது. கிரீனவே தான் பிறக்கமுந்திய காலத்தைத் தேடிப்போனார். இவர் தான் வளர்ந்த வேலியடியிலேயே நின்றுவிட்டார். எங்கட நாட்டிலேயே இப்படி ஒருவர் இருந்தது தெரியாமல்தான் நான் ஏணியில் ஏறியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்து அம்மா தானாகவே கேட்டா.

"அந்தச் சுவர் முடிஞ்சதா?"

"இல்லம்மா. மலைய அழிக்கிறதா விடுறதா எண்டு தெரியல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா. "அழி. தண்ணியக் கீறு. கடல் வேணாம், வாவியக் கீறு."

அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் காண்பதும் வாவியைத்தான். அம்மா அதை யோசித்துச் சொன்னாவா, வேறொன்றை யோசித்துச் சொன்னாவா என்று நான் கேட்கவில்லை.

மலை இரண்டையும் வெள்ளை அடித்து மூடினோம். பழுப்பு உள்ளே இருந்து எட்டிப் பார்த்தது, மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து பின்னேரப் பாதையில் திரும்பும்போது போயாவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. குருமண்வெளிப் பக்கத் தென்னைகளுக்கு மேலால் நிலா வந்துகொண்டிருந்தது. எல்லாரும் போனை எடுத்தோம். போனில் அது ஒரு சின்னப் பொட்டு. நான் போனை வைத்துவிட்டு, எந்தத் தென்னைக்கு எவ்வளவு மேலே, தண்ணீரில் விழுகிற வெளிச்சம் எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அதைத்தான் கீறினேன். வாவி, ஒரு தோணி, கம்பில் இருக்கிற நீர்க்காகம், அக்கரைத் தென்னைகள், மேலே நிலா. கடற்கன்னி வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து தீர்மானித்தோம். தண்ணீருக்குக் கீழே, பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரம் வரைக்கும், சுவரை வெறுமையாக விட்டோம். அங்கே என்ன பாடுகிறது என்பதை அவர்களே கீறட்டும். ஹம்ப்டிக்கு நடந்தது எங்கட ஊரிக்கும் திரும்ப நடக்க வேண்டாம். இரண்டு பெட்டி வெண்கட்டியும் கரியும் வாங்கி வைத்துவிட்டு வந்தோம்.

நெல்லுக் குவியலா என்று கேட்ட அந்தப் பிள்ளை கடைசி நாள் வந்து பார்த்தது. பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. கரிக்கட்டியை எடுத்து, வெறும் சுவரில் ஒரு வட்டம் போட்டு அதுக்குக் கால் வைத்தது. நண்டா, ஊரியா, வேறெதுவுமா என்று நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, தோணியைப் பார்த்தா, நீர்க்காகத்தைப் பார்த்தா, நிலாவில் கொஞ்ச நேரம் நின்றா.

"நிலா கொஞ்சம் பெருசாப் போயிற்று" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தா.